யாங்கீ மாங்கா படிக்கத் தொடங்குவது எப்படி?

முடிக்கு மஞ்சள் சாயம், பொத்தான் போடாத பள்ளிச் சீருடை, மொட்டை மாடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை முறைக்கும் பையன்கள். மாங்கா எனும் ஜப்பானியக் காமிக்ஸில் இவர்களுக்கென்றே ஒரு தனி வகை உண்டு. யாங்கீ மாங்கா என்பார்கள். அட்டையைப் பார்த்ததுமே 'அடிதடிக் கதை' என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் அதிகம். நானும் பல வருடம் தொடாமல்தான் இருந்தேன். படிக்கும் முறை பிடிபட்ட பிறகு விடமுடியவில்லை.

ஆசிரியரும் வீடும் கைகழுவிவிட்ட ஒரு பையனை, யாரோ ஒருவர் நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? இந்த வகையின் நல்ல கதைகள் எல்லாமே இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எளிது.

படி 1: சொற்களைப் பழகுங்கள்

மொழிபெயர்ப்பிலும் சில சொற்கள் அப்படியே வரும். யாங்கீ என்றால் அடங்காத பையன். பெண்ணாக இருந்தால் பழைய கதைகளில் சுகேபான். பள்ளியின் முரடர்களுக்கெல்லாம் தலைவன் பான்ச்சோ. ஒண்டிக்கு ஒண்டி சண்டைக்குப் பெயர் தைமான். பைக்கில் கூட்டமாக இரவில் சீறிக்கொண்டு போகும் கும்பல் போசோசோகு.

இவை கற்பனையில் முளைத்த ஆட்கள் இல்லை. ஜப்பான் போலீஸ் கணக்குப்படி 1982-ல் நாடு முழுக்க 42,000-க்கும் மேற்பட்ட போசோசோகு உறுப்பினர்கள் இருந்தார்கள். அதே காலத்தில் பள்ளிக்குள் நடக்கும் வன்முறை பெரிய சமூகப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. கசுஹிரோ கியுச்சியின் 'பி-பாப் ஹைஸ்கூல்' 1983-ல் தொடங்கியது இந்தச் சூழலில்தான். தெருவில் பார்த்த பையன்களையே பத்திரிகையிலும் பார்த்தார்கள் வாசகர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இவர்களுடைய எழுத்து விளையாட்டு. 'யோரோஷிகு' என்பது அன்றாட ஜப்பானியச் சொல். அறிமுகமாகும்போது, 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் பணிவாகச் சொல்வது. போசோசோகு பையன்கள் இதை நான்கு சித்திர எழுத்துகளால் எழுதுவார்கள். யோ என்றால் இரவு, ரோ என்றால் பனித்துளி, ஷி என்றால் சாவு, கு என்றால் துன்பம். உச்சரிப்பு மாறாது, பார்வைக்கு மட்டும் மிரட்டல். 'ஐ லவ் யூ'வைக்கூட இப்படி நான்கு எழுத்துகளில் எழுதிவைத்தார்கள். படிப்பு வராது என்று பள்ளி முத்திரை குத்திய பையன்கள், கடினமான எழுத்துகளைத் தேடிப் பிடித்து சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் அவர்கள்மேல் எனக்கு ஒரு வாஞ்சை வருகிறது.

படி 2: உடையைக் கவனியுங்கள்

நின்ற காலரும் உலோகப் பொத்தான்களும் வைத்த கறுப்புச் சீருடைக்கு காகுரான் என்று பெயர். பழைய கதைகளில் ஒருவனுடைய குணத்தை இதிலிருந்தே சொல்லிவிடலாம். மேல்சட்டை முழங்கால்வரை தொங்கினால் ஒரு வகை முறுக்கு, இடுப்புக்கு மேலே வெட்டப்பட்டிருந்தால் இன்னொரு வகை. தொடையில் தொளதொளவென்றும் கணுக்காலில் இறுக்கமாகவும் இருக்கும் கால்சட்டை போன்டான். சட்டையின் உள்துணியில் டிராகன் பூவேலை இருக்கும். ஆசிரியர் கண்ணில் படாது, சட்டையைத் திறந்தால் நண்பர்கள் பார்ப்பார்கள். சுகேபான் பெண்களின் பாவாடை கணுக்காலைத் தொடும்.

எண்பதுகளில் பல பள்ளிகள் பிளேசருக்கு மாறின. சீருடையை இப்படித் திருத்தித் தைப்பதைத் தடுப்பதும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். அதனால் புதிய கதைகளில் இந்த அடையாளங்கள் குறைவு. முடி நிறத்தையும் காதணியையும் பார்த்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும்.

படி 3: வலமிருந்து இடம்

புத்தகத்தை நமக்குக் கடைசிப் பக்கமாகத் தோன்றும் இடத்திலிருந்து திறங்கள். கட்டங்களையும் பேச்சு பலூன்களையும் வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒரு மணி நேரத்தில் கண் பழகிவிடும்.

படி 4: ஒரு அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள்

முதல் புத்தகமாக நான் சொல்வது சடோரு நீயின் 'விண்ட் பிரேக்கர்'. 2021-ல் தொடங்கியது, ஆங்கிலத்தில் கிடைக்கிறது, கோடுகள் தெளிவானவை, யார் யாரை அடிக்கிறார்கள் என்ற குழப்பம் வராது. அதே பெயரில் ஒரு கொரிய வெப்டூனும் (இணையக் காமிக்ஸ்) இருக்கிறது, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

சகுரா ஹருகா என்ற பையன், முடி பாதி கறுப்பு, பாதி வெள்ளை. தோற்றத்தாலேயே எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன். சண்டையில் முதலிடம் பிடிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்போடு, முரடர்களுக்குப் பேர்போன ஃபூரின் பள்ளியைத் தேடி வேறு ஊரிலிருந்து வருகிறான். வந்து பார்த்தால் அந்தப் பள்ளி மாணவர்கள் கடைத்தெருவைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைக் கண்டு பயப்படுவதில்லை, நலம் விசாரிக்கிறார்கள். பள்ளியின் தலைவன் உமெமியா மொட்டை மாடியில் காய்கறி வளர்க்கிறான்.

முதல் அத்தியாயத்தை ஒரு முறை வேகமாகப் படித்துவிடுங்கள். சண்டையை ரசியுங்கள், தப்பில்லை. அப்புறம் மறுபடி முதல் பக்கத்துக்கு வாருங்கள். இம்முறை சண்டைப் பக்கங்களைத் தாண்டிவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் வரும் முகங்களை மட்டும் பாருங்கள். யாராவது நன்றி சொன்னால், பாராட்டினால் சகுரா என்ன செய்கிறான்? முகம் சிவந்து, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தடுமாறுகிறான். அடியை வாங்கப் பழகியவனுக்கு அன்பை வாங்கத் தெரியவில்லை. அந்த முகத்தை வரைவதற்கு ஆசிரியர் எவ்வளவு இடம் ஒதுக்குகிறார் என்று பாருங்கள். எந்த யாங்கீ மாங்காவையும் இப்படி இரண்டாம் முறை புரட்டிப் பாருங்கள். அடி முடிந்த பிறகு யார் யாருக்குத் தோள் கொடுத்து அழைத்துப் போகிறார்கள் என்பதில்தான் கதை இருக்கும்.

படி 5: அடுத்தது என்ன?

கென் வாகுயியின் 'டோக்கியோ ரிவெஞ்சர்ஸ்', 2017 முதல் 2022 வரை வந்தது, 31 தொகுதிகள். 26 வயது தகெமிச்சி, பள்ளிக் காலத்துக் காதலி ஒரு கும்பல் மோதலில் இறந்ததை அறிந்து, காலத்தில் 12 ஆண்டு பின்னால் போய் அவளைக் காப்பாற்றப் பார்க்கிறான். நடுநிலைப் பள்ளியில் நடக்கும் கதை. தகெமிச்சிக்குச் சண்டை வராது, அழுவான், அடிபட்டு விழுவான், மறுபடி எழுந்து நிற்பான். அவன் எழுவதைப் பார்த்து மற்றவர்கள் மாறுவதுதான் இதன் பலம். கடைசித் தொகுதிகள் அவசரமாக ஓடுகின்றன, ஆனாலும் படிக்கலாம். கும்பலின் கொடியில் உள்ள மான்ஜி குறியை, அதாவது ஸ்வஸ்திகாவை, பார்த்துத் துணுக்குற வேண்டாம். ஜப்பானிய வரைபடங்களில் புத்தர் கோயிலைக் குறிப்பது அதுதான்.

பழையவற்றுக்குப் போகத் துணிந்தால் தோரு ஃபுஜிசாவாவின் 'ஷோனான் ஜுன்ஆய் குமி', 1990-ல் தொடங்கியது. ஆங்கிலத்தில் 'ஜிடிஓ: தி எர்லி இயர்ஸ்' என்று தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: அக்காலக் கதைகளில் பெண்களை நடத்தும் விதம் பல இடங்களில் மோசம். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் நீங்கள் படித்துவிடுங்கள்.

இருந்தும் இதைச் சொல்வதற்குக் காரணம், இதன் நாயகர்களில் ஒருவனான ஒனிசுகா எய்கிச்சி. 1997-ல் தொடங்கிய 'ஜிடிஓ'வில் (கிரேட் டீச்சர் ஒனிசுகா) இதே ஒனிசுகா 22 வயதில் ஆசிரியராக வகுப்புக்குள் நுழைகிறான். ஆசிரியர்கள்மேல் நம்பிக்கையே இழந்த பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பார்வை அவனுக்குப் புதிதில்லை. முதல் தொகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எடுத்து வையுங்கள், மொத்தம் 25 இருக்கின்றன.