கவுன்சிலிங் அறைக்கு நாயைக் கூட்டிப் போகுமுன்

காட்பாடியில் ஒரு மனநல ஆலோசகரின் அறைக்கு வாரத்தில் ஒரு மாலை என் லாப்ரடார் நாய் மணியைக் கூட்டிப் போகிறேன். மனம்விட்டுப் பேச வருகிறவர்கள் பக்கத்தில் அவன் படுத்திருப்பான். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எங்க வீட்டு நாயும் ரொம்ப சாது, அதையும் அனுப்பலாமா?" வீட்டாரிடம் சாதுவாக இருப்பது வேறு. பக்கத்தில் ஒருவர் தேம்பி அழும்போதும், முன்பின் தெரியாத கை தலைமேல் விழும்போதும் அலட்டிக்கொள்ளாமல் படுத்திருப்பது வேறு. அதற்குப் பயிற்சி வேண்டும். ஒரு வயதாவது முடிந்திருக்க வேண்டும். நாட்டு நாயா, லாப்ரடாரா என்பது அப்புறம்தான்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒருநாள், வருகிறவரிடம் கேட்காமலே மணியை அறையில் படுக்க வைத்துவிட்டேன். கதவைத் திறந்த பையன் வாசலிலேயே நின்றுவிட்டான். சின்ன வயதில் தெருநாய் கடித்து ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டவன். பேச வந்ததோ பரீட்சை பயத்தைப் பற்றி. அன்றைய நேரம் நாயை வெளியேற்றி அவனைத் தேற்றுவதிலேயே போய்விட்டது.

இப்போது முந்தைய நாளே போனில் கேட்கிறோம். கேட்கும் விதமும் முக்கியம். "நாய் இருந்தா பரவாயில்லையா?" என்றால் நம் ஊரில் மரியாதைக்காவது "பரவாயில்லை" என்பார்கள். "நாயோட உட்காரவா, நாய் இல்லாமலா?" என்றால்தான் உண்மை வரும். பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கமிருந்து வருகிற முஸ்லிம் குடும்பங்களில், நாயின் எச்சில் பட்ட துணியோடு தொழ மாட்டோம் என்பவர்கள் உண்டு. முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சப்படுவார்கள்.

நாய்தான் குணப்படுத்துகிறது என்று நினைப்பது இன்னொரு தவறு. அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தன் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தபோது, ஒதுங்கியே இருந்த ஒரு சிறுவன் அதனோடு ஒட்டிக்கொண்டதைக் கவனித்தார். 1962-இல் அதைப் பற்றி எழுதினார். கதவைத் திறந்தது நாய், உள்ளே போய் வேலை செய்தவர் லெவின்சன். நாயின் முதுகைத் தடவிக்கொண்டே பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கத் தேவையில்லை, கைக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதனால் வாய் திறக்கிறது. அவ்வளவுதான். மருந்து தேவைப்படும் நோய்க்குப் வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு நாய் வளர்ப்பது வைத்தியம் ஆகாது.

ஒருவர் அழ ஆரம்பித்ததும் நாயை மடியில் ஏற்றிவிடத் தோன்றும். வேண்டாம். பாதி அழுகையில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாயைக் கொஞ்ச ஆரம்பித்துவிடுவார், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். "ஷேக் ஹேண்ட் குடு மணி" என்று வித்தை காட்டுவதும் இந்த ரகம்தான். நாயைப் பிடித்திருப்பவர் வாயையும் பிடித்திருக்க வேண்டும். அங்கே கேட்டது டீக்கடை வரை வரக் கூடாது.

நாய் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று சிரிக்கிறோம். களைப்பில்லாத நேரத்தில் திரும்பத் திரும்பக் கொட்டாவி, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரிவது எல்லாம் 'போதும்' என்பதற்கான அடையாளங்கள். கட்டிப்பிடிக்க விடாதீர்கள், எழுந்து விலக நாய்க்கு இடம் விட்டு வையுங்கள்.

அப்புறம் வேலூர் வெயில். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கத்திரியில் மதியம் மூன்று மணிக்குத் தார்ச்சாலையில் நடத்திக் கூட்டி வந்தால், அறைக்குள் அது இரைப்பது சூட்டிலா பதற்றத்திலா என்று யாருக்கும் தெரியாது. புறங்கையைச் சாலையில் ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் அன்று ஆட்டோதான்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மாத்திரை, நகம் வெட்டுவது ஆகியவற்றில் சாக்கு கிடையாது. பச்சை இறைச்சி போடாதீர்கள், கிருமி எச்சில் வழியே பரவும். முடி குறைவான நாய் என்றால் அலர்ஜி வராது என்பதும் தப்பு. அலர்ஜி தருவது தோல் செதிலும் எச்சிலும்தான்.

சில நாள் மணி ஆட்டோவில் ஏற மாட்டான். கயிற்றை இழுப்பதில்லை. ஆலோசகருக்கு போன் செய்து, இன்று நாய் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.