ஊட்டி, கொடைக்கானல் போய் வந்தால் எடை கூடுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையிலிருந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே எடை மெஷினில் ஏறி நிற்பது பலரும் செய்யும் முதல் தவறு. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியதாக அது காட்டும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். மூன்றே நாளில் ஒரு கிலோ சேர வேண்டுமானால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் 2,500 கலோரிக்கு மேல் உள்ளே போயிருக்க வேண்டும். அது கிட்டத்தட்ட இன்னொரு ஆளின் ஒரு நாள் சாப்பாடு. மெஷின் காட்டும் அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான். பஜ்ஜியிலும் பிரியாணியிலும் போன உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுடனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்குகிறது. வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்து, காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். அந்த எண்ணை நம்பலாம்.

இதைச் சொன்னதும் "அப்போ கவலையில்லை" என்று கிளம்பிவிடுவது அடுத்த தவறு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. 195 பேரை ஆண்டு இறுதிப் பண்டிகைக் காலம் முழுக்க எடைபோட்டுப் பார்த்தார்கள். சராசரியாகக் கூடியது 370 கிராம்தான். ஆளுக்கு அரைக் கிலோகூட இல்லை. ஆனால் அந்த எடை அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. நம் பக்கத்தில் தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், அதன்பின் மே மாதத்து மலைப் பயணம் என்று வரிசையாக வருகிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் விட்டுவிட்டுப் போனால் பத்து வருடத்தில் சட்டை இரண்டு அளவு மாறிவிடும்.

யாரைக் குற்றம் சொல்வது?

உடல் பருமனுக்கு "வாயைக் கட்டாததுதான் காரணம்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்கிறோம். குண்டாக இருக்கும் உறவினரைப் பயணத்தில் தட்டைப் பார்த்துக் கேலி செய்யும் பழக்கமும் அங்கிருந்துதான் வருகிறது. உண்மை அவ்வளவு எளிதல்ல. பசியையும் நிறைவையும் மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் இருக்கின்றன. கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின் 1994இல் கண்டறியப்பட்டது. வயிற்றிலிருந்து பசியைக் கிளப்பும் கிரெலின் 1999இல். எடை குறையும்போது லெப்டின் குறைகிறது, பசி ஏறுகிறது, உடம்பு சக்திச் செலவைச் சுருக்குகிறது. இழந்த எடையை மீட்க உடம்பே வேலை செய்கிறது என்பதுதான் இதன் பொருள். மரபணுவின் பங்கும் கணிசமானது. ஒரே மேசையில் ஒரே அளவு சாப்பிடும் அண்ணன் தம்பியில் ஒருவருக்கு மட்டும் தொப்பை போடுவது இதனால்தான்.

ஆனால் மரபணு ஒரு தலைமுறையில் மாறாது, சுற்றியிருப்பது மாறும். ஒரு காலத்தில் ராகியும் சாமையும் விளைந்த நீலகிரிச் சரிவுகளில் இன்று தேயிலையும் காய்கறியும் நிற்கின்றன. தட்டில் அரிசியும் மைதாவும். சமவெளியிலும் கதை வேறல்ல. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். ஆண்களில் 37 பேர்.

எல்லாவற்றையும் தைராய்டு மேல் போடுவதும் தவறுதான். தைராய்டு குறைவு எடையைக் கூட்டும், ஆனால் பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் நல்ல பங்கு உப்பும் நீரும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், சில வலிப்பு மருந்துகளும் எடையைக் கூட்டக்கூடியவை. சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேளுங்கள். டூர் போகிறோம் என்று மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று: இந்தியர்களுக்கு ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் தன்மை அதிகம். அதனால்தான் நமக்கு உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ: கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது) 23 தாண்டினாலே அதிக எடை, 25 தொட்டால் பருமன் என்று கணக்கு. இடுப்பளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. மலையில் ஸ்வெட்டரும் எலாஸ்டிக் வைத்த டிராக் பேண்ட்டும் போட்டுக்கொண்டு திரிவதால் இந்த இடுப்பு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஒருநாளாவது பெல்ட் போடும் பேண்ட்டை எடுத்துப் போகலாம்.

"குளிருக்குச் சாப்பிடலாம், கரைஞ்சிடும்"

மலையில் அதிகம் காதில் விழும் வசனம் இது. குளிரில் உடம்பு சூட்டுக்காகக் கூடுதல் சக்தி செலவழிப்பது உண்மை. ஆனால் அது பெரிதாக நடப்பது நடுங்கும்போது. குல்லாய், மஃப்ளர், கம்பளி, அறையில் ஹீட்டர் என்று உட்கார்ந்திருப்பவருக்குக் கரைவதற்கு என்ன இருக்கிறது? மிக உயரத்தில் பசி மந்தப்படும் என்பதும் உண்மைதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100. அந்த விளைவை எதிர்பார்க்க இந்த உயரம் போதாது. இங்கே குளிர் பசியைத் தூண்டத்தான் செய்கிறது, தாகத்தைத்தான் மறைக்கிறது. தண்ணீர் கேட்கும் உடம்புக்கு டீயும் பஜ்ஜியும் கொடுத்துக்கொண்டிருப்போம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீரோடு கிளம்புவது இரண்டு விதத்தில் வசதி.

டீ விஷயத்தில் ஒரு கணக்கு. ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறத்தாழ 20 கலோரி. இரண்டு ஸ்பூன் போட்டு ஒரு நாளில் ஆறு டீ என்றால் சர்க்கரையில் மட்டும் 240. குன்னூர்ச் சரிவில் காலையிலிருந்து கூடையோடு ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பவருக்கு அந்தச் சர்க்கரை உழைப்பில் போய்விடும். அதே டீயை வியூ பாயின்ட்டில் காருக்குள் உட்கார்ந்து குடிப்பவருக்கு அது எங்கே போகும்?

"குளிருக்கு ஒரு பெக்" கதையும் இப்படித்தான். மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடாகத் தோன்றும். உண்மையில் உடம்பு சூட்டை இழக்கிறது. ஒரு கிராம் ஆல்கஹாலில் ஏழு கலோரி. உடம்பு அதை முதலில் எரிப்பதால் கூட வந்த சிக்கன் சிக்ஸ்டி ஃபைவின் கொழுப்பு சேமிப்புக்குப் போகிறது.

நடந்தோமா, நடந்ததாக நினைத்தோமா?

"நாள் முழுக்கச் சுத்தினோம்" என்பார்கள். கணக்குப் பார்த்தால் சுற்றியது வண்டி. மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் அனுமதி வந்த பிறகும் சீசன் சனி ஞாயிறுகளில் டிராஃபிக்கில் நிற்கும் நேரம் கொஞ்சமல்ல. அந்த நேரத்தில் கை சிப்ஸ் பாக்கெட்டுக்குள். படகில் உட்காருகிறோம், குதிரை மேல் உட்காருகிறோம், தொட்டபெட்டா உச்சிக்குப் பக்கம்வரை வண்டியிலேயே போகிறோம்.

சரி, உண்மையாகவே நடந்தால்? கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று நடந்தால் சுமார் ஐந்து கிலோமீட்டர். 65 கிலோ எடையுள்ளவர் அதில் செலவழிப்பது சுமார் 250 கலோரி. 50 கிராம் சாக்லேட்டில் அதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கிறது. ஏரியைச் சுற்றி முடித்த இடத்திலேயே சாக்லேட் கடை நிற்பதுதான் கொடுமை. நடை வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. சர்க்கரை அளவுக்கும் தூக்கத்துக்கும் மனசுக்கும் நல்லது. "நடந்தாச்சு, அதனால் சாப்பிடலாம்" என்ற கழித்தல் கணக்குதான் தவறு. ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேல் தட்டுவரை ஏறி இறங்கினாலும், குன்னூர் சிம்ஸ் பூங்காவின் சரிவில் நடந்தாலும் அதை நடைக்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டை ஊசி வளைவும் வெறும் வயிறும்

வாந்தி வரும் என்று பயந்து காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ ஏறுகிறவர்கள் ஏராளம். வெறும் வயிறும் குமட்டலைக் கூட்டும், நிறைந்த வயிறும் கூட்டும். இரண்டு இட்லி போதும். ஒன்றும் சாப்பிடாமல் மதியம் இரண்டு மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தவர் ஆர்டர் செய்வதைப் பார்த்தால், மேசை முழுக்கத் தட்டாக இருக்கும்.

ஹோட்டல் காலை உணவு இன்னொரு பொறி. வாடகையில் சேர்ந்ததாயிற்றே என்று இட்லி, பூரி, ஆம்லெட், கேக், ஜூஸ் எல்லாம் ஒரு சுற்று. ஏற்கெனவே கொடுத்த காசு, சாப்பிட்டாலும் திரும்பாது. முட்டையும் சுண்டலும் பழமும் முதலில் எடுத்தால் மற்றதில் கை தானாகக் குறையும். இரவு கேம்ப் ஃபயர் முன் ஒரு மணிவரை விழித்துவிட்டு, விடியலில் சூரியோதயம் பார்க்க எழுந்தால் அடுத்த நாள் பசி கட்டுக்குள் நிற்காது. தூக்கம் குறைந்தால் கிரெலின் ஏறும்.

திரும்பிய பிறகு

ஊருக்கு வந்ததும் "இன்னைக்கு வெறும் ஜூஸ்தான்" என்று பட்டினி கிடப்பது வேண்டாத வேலை. முன்பு சொன்ன ஹார்மோன்கள் மூன்றாம் நாள் பழி வாங்கும். வழக்கமான சோறு, குழம்பு, காய், மாலையில் நடை: இதற்குத் திரும்பினாலே தண்ணீர் எடை வடிந்துவிடும்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு டிக்கியில் இருக்கிறது. மலையில் தின்பது மூன்று நாள். வாங்கி வருவது மூன்று வாரம். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது; கௌரவம்தான். ஆனால் அது மைதாவும் சர்க்கரையும் வனஸ்பதியும் சேர்ந்த பண்டம். இங்கே இருப்பவர்கள் மாலை டீயோடு ஒன்றோ இரண்டோ தொட்டுக்கொள்வார்கள். வருகிறவர்கள் கிலோ கணக்கில் கட்டுகிறார்கள். கூடவே ஹோம்மேட் சாக்லேட் அரைக் கிலோ, நீலகிரித் தைலம் (இது எடை போடாது), குழந்தைகளுக்கு மிட்டாய்.

சாக்லேட்டை 100 கிராம் வாங்குங்கள், மீதி இடத்துக்குக் கேத்திப் பள்ளத்தாக்குக் கேரட்டைத் தழையோடு வாங்குங்கள். மே, ஜூனில் பிளம்ஸ் கிடைக்கும். கொடைக்கானல் பக்கம் மலைப்பூண்டும் அவகாடோவும் உண்டு. அவகாடோவில் கொழுப்பு நல்லதுதான், ஆனால் ஐஸ்கிரீமும் சர்க்கரையும் போட்டு அடித்த பட்டர்ஃப்ரூட் ஜூஸ் வேறு சங்கதி. வர்க்கி கால் கிலோ போதும். அதையும் வந்த அன்றே பக்கத்து வீட்டுக்கும் ஆபீசுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். வைத்திருந்தால் நமுத்துப் போகும் என்பது நல்ல சாக்கு.