மலையேற்றத்தில் கால் கொப்புளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் மலை என்றால் நமக்குப் புக்கிட் தீமாதான். உயரம் சுமார் 164 மீட்டர். உச்சிவரை தார்ச்சாலையே போகிறது. அதில் வாராவாரம் ஏறி இறங்கிவிட்டு, விடுமுறை வந்ததும் ஜொகூரின் லேடாங் மலைக்கோ 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவுக்கோ கிளம்பிவிடுகிறோம். மூச்சு தாங்குகிறது, முழங்காலும் ஒருவாறு தாங்குகிறது. பாதம்தான் காலை வாரிவிடுகிறது.

கொப்புளம் மேல்தோல் தேய்வதால் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு: வேர்வையில் நனைந்த தோல் காலுறையோடு ஒட்டிக்கொள்கிறது, காலுறை காலணியோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே எலும்பு மட்டும் ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. இடையில் மாட்டிக்கொண்ட தோலடுக்குகள் இழுபட்டு இழுபட்டு உள்ளுக்குள்ளேயே பிளக்கின்றன. அந்தப் பிளவில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆகவே ஈரமும் இழுவையும்தான் எதிரிகள்.

பவுடர் கொட்டுவது ஈரத்துக்கு மருந்தாகாது. வேர்வையில் குழைந்து கட்டிகட்டியாகிப் புதிதாக உறுத்தும். வாசலின் முதலில் வழுக்கும். ஒரு மணி நேரம் போனதும் உராய்வு பழைய நிலைக்கு வந்து, பிறகு அதையும் தாண்டிவிடும். திரும்பத் திரும்பத் தடவ முடியாதவர் அதை நம்பக் கூடாது. பருத்திக் காலுறை குடித்த வேர்வையை விடாது. கம்பளி அல்லது அக்ரிலிக் காலுறை மேல். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலோடு நடந்தவருக்கு உள்ளங்கால் உரமேறியிருக்கலாம். மலையோ குதிகாலின் பின்புறத்தையும் விரல்களின் பக்கவாட்டையும்தான் பதம் பார்க்கிறது. காய்த்த தோலுக்கு அடியிலும் கொப்புளம் வரும்; அது ஆழத்தில் இருப்பதால் வலியும் கூடுதல்.

புதுக் காலணியோடு மலைக்குப் போகாதீர்கள் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். பழைய காலணியைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை. சில ஆண்டுகள் அலமாரியில் கிடந்த மலையேற்றக் காலணியின் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் நுரையாலான அடிப்பகுதியை நம் ஊர் ஈரக்காற்று சத்தமில்லாமல் சிதைத்துவிடும். பார்க்கப் புதிது போலிருக்கும். பாதி வழியில் அடிப்பாகம் வாயைப் பிளக்கும். புறப்படும் முன் வளைத்துப் பாருங்கள், பொடியாக உதிர்கிறதா என்று.

பயிற்சியிலும் ஒரு கோளாறு உண்டு. வீவக அடுக்குமாடி புளோக்கில் படியேறிப் பழகுபவர்களில் பலர் மின்தூக்கியில் இறங்குகிறார்கள். கினபாலுவிலோ உச்சியிலிருந்து, ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசல் வரை சுமார் 8.7 கிலோமீட்டர், 2,200 மீட்டருக்கு மேல் இறக்கம், பெரும்பாலும் ஒரே நாளில். ஏறும்போது குதிகால் எழும்பி அடிபடும். இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் முட்டும். எனவே ஏற்றத்துக்குக் கட்டிய நாடாவோடு இறங்கக் கூடாது. உச்சியில் படமெடுத்த பிறகு, கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். கால் நகங்களை இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு கூச்சம். கொப்புளம் திடீரென்று வருவதில்லை; முதலில் ஓரிடம் சூடாகும், பிறகு சுரீர் என்று எரியும். அந்த நேரத்தில் நின்றால் காரியம் ஐந்து நிமிடத்தில் முடியும். நாம் நிற்பதில்லை. “எல்லாரையும் காக்க வைக்க வேண்டாமே, அடுத்த ஓய்விடத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று நடக்கிறோம். அந்த ஓய்விடம் வருவதற்குள் தோல் பிரிந்திருக்கும். நிற்கச் சொல்லுங்கள். காலணியைக் கழற்றி உதறுங்கள். கடுகளவு மணலும் போதும் புண்ணாக்க. காலைத் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். ஒட்டுப்பட்டையின் முனைகளை வட்டமாக வெட்டி, சுருக்கம் விழாமல் ஒட்டி விரலால் நீவுங்கள். கூரிய முனைதான் முதலில் சுருண்டு, அதுவே உறுத்தத் தொடங்கும். காலுறையைத் தையல் மடிப்பில்லாமல் இழுத்துவிடுங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் மலிவான காகித ஒட்டுப்பட்டையே போதும். 250 கிலோமீட்டர் பலநாள் பந்தயங்களில் 128 ஓட்டக்காரர்களிடம் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், அதை ஒட்டிய இடங்களில் கொப்புளங்கள் சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தன.

அப்படியும் வந்துவிட்டால், தோலைப் பிய்த்தெறிவதுதான் கடைசித் தவறு. சின்னக் கொப்புளத்தை மூடி வைத்தால் தானே வற்றும். பெரிதாகி நடக்கவிடாமல் செய்தால் மட்டும், கையைக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோல் அப்படியே கிடக்கட்டும், அதுதான் காப்பு. மேலே, கசியும் நீரை உறிஞ்சிக்கொள்ளும் ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்திரி ஒட்டலாம். நீரிழிவு உள்ளவர்கள் ஊசியைத் தொடவே கூடாது. அவர்களுக்கு வலி தெரியாமலே புண் ஆழமாகலாம். ஊர் திரும்பியதும் பலதுறை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள். சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் நீரிழிவு இல்லாதவர்களும் அங்கே போக வேண்டியதுதான்.