கொள்ளிடத் திட்டுகளில் கரும்புப் பூச்சிகளைக் கண்காணிக்கும் முறை

சுற்றிலும் ஆறு ஓடுவதால் பூச்சி எளிதில் அண்டாது என்ற நம்பிக்கை, கொள்ளிடத்தின் திட்டுகளிலும் படுகைகளிலும் கரும்பு போடுவோரில் சிலருக்கு உண்டு. தண்டைத் துளைக்கும் புழுக்களின் தாயான அந்துப்பூச்சி ஆற்றைப் பறந்து கடந்துவிடும். செதில் பூச்சியும் மாவுப்பூச்சியுமோ நடுவதற்கென வெட்டிய கரும்புத் துண்டான விதைக்கரணையோடு நம் கையாலேயே வந்து சேரும். பாப்புவா நியூகினியின் தண்டுத் துளைப்பான்கள் தன் நாட்டுக்குள் நுழையாதிருக்க, இடையிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளில் வீட்டுத் தோட்டக் கரும்பைக்கூட ஆஸ்திரேலியா ஆய்வு செய்வது இதனால்தான்.

எனவே முதல் சோதனையைக் கரணை வந்து இறங்கும் இடத்திலேயே செய்துவிடுங்கள். சோகையை, அதாவது காய்ந்த இலையை, உரித்துக் கணுவைச் சுற்றிப் பாருங்கள். சாம்பல் படிந்தாற்போல் வட்டச் செதில்களோ, வெண்மாவு பூசிய இளஞ்சிவப்புப் பூச்சிகளோ தென்பட்டால் அந்தக் கரணையை நடாதீர்கள். உரித்த சோகையையும் வயலோரம் போட்டுவைக்க வேண்டாம்.

நட்ட முதல் மூன்று மாதங்கள் இளங்குருத்துப் புழுவின் காலம். வாரம் ஒருமுறை வயலின் குறுக்கே நடந்து, ஐந்து இடங்களில் மொத்தக் குருத்துகளையும் காய்ந்த நடுக்குருத்துகளையும் தனித்தனியே எண்ணுங்கள். காய்ந்த குருத்தைப் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்து, அழுகல் நாற்றம் வீசி, மண்ணையொட்டித் தண்டில் துளையும் இருந்தால் ஐயமில்லை. பிளந்து பார்த்தால் உள்ளிருக்கும் புழுவின் முதுகில் ஐந்து ஊதாக் கோடுகள் தெரியும். பின்னாளில் வரும் இடைக்கணுப் புழுவுக்கு நான்குதான். கரணையைக் கரையான் தின்று மண் நிரப்பியிருந்தால் முளை முழுவதுமே காயும். அதை இக்கணக்கில் சேர்க்கக் கூடாது. நூற்றுக்குப் பதினைந்து குருத்து காய்ந்திருந்தால், அது நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு.

பெண் அந்தின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் விழுபவை ஆண் அந்துகள் மட்டுமே. அந்து நடமாட்டம் தொடங்கிய காலத்தை அறிய அது உதவும். ஆனால் பொறி நிறைந்துவிட்டதென்று மருந்தைக் கையிலெடுப்பது அவசரம் என்பேன், குருத்துக் கணக்குதான் முடிவு சொல்ல வேண்டும்.

நான்காம் மாதத்திலிருந்து, இடைக்கணுப் புழுவைக் கண்டறிய, சோகையை விலக்கிக் கணுவருகே துளையும் எச்சமும் உள்ளனவா என்று பாருங்கள்; அந்தின் முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் குறுங்குளவியான டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியின் அட்டையைக் கட்டத் தொடங்குவதும் அப்போதுதான். இலையின் அடியில் சாறு உறிஞ்சும் பூச்சியான அசுவினி வெள்ளைப் பஞ்சு போல அப்பியிருந்தால், அதைத் தின்னும் புழுக்கள் கூடவே இருக்கின்றனவா என்று கவனித்த பிறகே தெளிப்பைப் பற்றி யோசியுங்கள். மணற்பாங்கான படுகையில் முதல் கோடை மழைக்குப் பின் அந்தி நேரத்தில் வேப்பமரங்களைப் பார்க்கத் தவறாதீர்கள். வேர்ப்புழுவின் தாய் வண்டுகள் அங்கேதான் கூடும், கிளையை உலுக்கிப் பொறுக்கிவிடலாம்.

கடலை நெருங்கும் பகுதியில், ஆறே மாவட்ட எல்லையாக இருக்குமிடத்தில், தென்கரை மயிலாடுதுறையையும் வடகரை கடலூரையும் சேர்ந்திருப்பதால், இரு கரைக்கும் வேளாண் அலுவலர்கள் வேறு வேறு. உங்கள் அலுவலருக்குச் சொல்லும் அன்றே அக்கரை விவசாயிகளுக்கும் தேதி, நட்ட மாதம், நூற்றுக்கு எத்தனை குருத்து என்ற மூன்றையும் சொல்லியனுப்புங்கள்.