'ரவுண்ட் ஆஃப் பண்ணிடுங்க' என்றதும் கோட் எழுத உட்காராதீர்கள்

புதிதாக புரோகிராம் எழுத வருபவர்கள் செமிகோலனை விட்டால், கோடைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் எந்த எர்ரரும் வராது. பில் அழகாக அச்சாகும், தொகைதான் தப்பாக இருக்கும். இதே தவறு ஒவ்வொரு பில்லிங் புரோகிராமிலும் திரும்ப வருவதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

ரவுண்ட் ஆஃப்

"பைசா வேண்டாம், ரவுண்ட் ஆஃப் பண்ணிடுங்க" என்பார் கடைக்காரர். இதற்குள் குறைந்தது மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

முதலில், எந்தக் கட்டத்தில்? 99.95 ரூபாய்ப் பொருள்கள் பத்து, ஜிஎஸ்டி 5 சதவீதம் என்று வையுங்கள். பொருளுக்குப் பொருள் 4.9975-ஐ 5.00 ஆக்கிக் கூட்டினால் 50.00. மொத்தம் 999.50-க்குப் போட்டால் 49.98. பில் ஒரு முறையிலும் மாத ரிப்போர்ட் இன்னொரு முறையிலும் கணக்கிட்டால் இரண்டும் ஒருநாளும் ஒட்டாது.

அடுத்து, சரியாக 50 பைசா வந்தால்? பைத்தான் 3 புரோகிராம் மொழியின் ரவுண்ட் கட்டளை 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டின் மேத் ரவுண்ட் 2.5-ஐ 3 ஆக்கும், மைனஸ் 2.5-ஐயோ மைனஸ் 2 ஆக்கும். அதாவது 102.50-க்கு 103 வாங்கிவிட்டு, அதே சரக்கு ரிட்டர்ன் வந்து மைனஸ் தொகையாகப் பதிவானால் 102 மட்டும் திருப்பித் தரும். அந்த ஒரு ரூபாய்க்கு வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டியவர் கவுண்டரில் நிற்பவர்.

மூன்றாவது, வெட்டிய பைசா எந்தக் கணக்கில் போகும்? மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017-இன் 170-ஆம் பிரிவு வரித் தொகையை முழு ரூபாயாக்கச் சொல்கிறது. 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் அடுத்த ரூபாய். பில் தொகையை முழுதாக்குவது வேறு விஷயம். இரண்டையும் கலக்காமல் ஆடிட்டரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

"பக்கத்து ரூபாய்க்குத்தானே?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கேட்கவே கேட்காதீர்கள். ஒரு தாளில் 102.49, 102.50, 103.50, 102.50 ரிட்டர்ன் என்று எழுதி, எதிரே வர வேண்டிய தொகையைக் கடைக்காரர் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள். தேதி போட்டு வாங்கி வையுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் முதல் டெஸ்ட்.

1 முதல் 31 வரை

மாத ரிப்போர்ட்டுக்கு, நேரமும் சேர்ந்த தேதியை எஸ்கியூஎல்லில் (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி) 'பிட்வீன்' போட்டு எடுத்தால், 31-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு அன்று நடந்த விற்பனை முழுக்க விடுபடும். 1-ஆம் தேதியிலிருந்து, அடுத்த மாதம் 1-க்கு முன்பு வரை என்று எழுதுங்கள்.

பத்து சதவீதம், அதுக்கு மேல அஞ்சு

தள்ளுபடி இரண்டையும் கூட்டி 15 சதவீதமாகக் கழித்தால் ஆயிரத்துக்கு 850, ஒன்றன்பின் ஒன்றாகக் கழித்தால் 855. எது என்று கேளுங்கள்.

வேகமா இருக்கணும்

எத்தனை வினாடி, எத்தனை பில்லுக்கு?

முதலாளியிடம் மட்டும் கேட்பது

ரிட்டர்ன் எப்படி வருகிறது, பாதி பில்லில் பொருளை எப்படி மாற்றுகிறார்கள் என்பதெல்லாம் பில் போடுபவருக்குத்தான் தெரியும். சாயங்காலக் கூட்ட நேரத்தில் ஒரு மணி நேரம் கவுண்டர் பக்கத்தில் நின்று பாருங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேதான் கிடைக்கும்.