மலிவான ஆஸ்திரேலிய ஷார்டனே வாங்கும்போது

ஷார்டனே ஒரு வெள்ளைத் திராட்சை ரகம்; அதில் செய்யும் ஒயினுக்கும் அதே பெயர்தான். ஆஸ்திரேலியாவின் விலை குறைந்த ஷார்டனே பாட்டில்கள் பலவற்றில் 'தென்கிழக்கு ஆஸ்திரேலியா' என்று போட்டிருக்கும். அது ஓர் ஊர் இல்லை. பல மாநிலங்களை வளைத்துப் போட்ட பெரிய எல்லை. திராட்சை அதிகமும் ரிவரினா, ரிவர்லேண்ட் மாதிரி வெயில் கொளுத்தும் பாசனப் பகுதிகளில் விளைந்தது. பழம் சூடேறாமல் இருக்க ராத்திரியில் இயந்திரம் விட்டுப் பறிப்பது அங்கே சகஜம்.

சாற்றைப் பிழிந்து, குளிரூட்டிய ஸ்டீல் தொட்டியில் நொதிக்க விடுவார்கள். பீச், முலாம்பழ வாசனை நிற்பது அதனால்தான். சரி, சில பாட்டில்களில் ஓக் மர வாசனை எப்படி வருகிறது? புது ஓக் பீப்பாய் இந்த விலைக்குக் கட்டாது. தொட்டிக்குள்ளேயே ஓக் சில்லுகளையோ பலகைத் துண்டுகளையோ ஊறப் போடுவார்கள், டீத்தூள் பையை முக்குகிற மாதிரி. ஏமாற்று வேலை இல்லை, சட்டம் அனுமதிப்பதுதான். வெண்ணெய் ருசி தெரிந்தால், பாக்டீரியா திராட்சையில் இருக்கும் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றியிருக்கிறது என்று அர்த்தம். தயிரில் இருப்பதும் இதே லாக்டிக் அமிலம்தான்.

ஓக் பிடிக்காதென்றால் 'அன்வுடட்' அல்லது 'அன்ஓக்ட்' என்று எழுதியதைத் தேடுங்கள். வருடம் பார்த்து இளசாக எடுங்கள். இந்த ரகத்தைப் பத்திரப்படுத்தி வைப்பதில் லாபமே இல்லை. அப்புறம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 15 நிமிடம் கழித்து ஊற்றுங்கள். 10 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் வாசனை எழும். மிச்சத்தைத் திருகு மூடியை இறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும்.