கடப்படியில் கேட்ட சத்தம்: ஆன்மிக அனுபவத்தில் நாம் விடும் தவறுகள்

அப்பா காலமாகி எட்டாம் நாள். பொழுதுபடும் நேரம் வளவு வாசல் கடப்படியில் அவருடைய சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சைக்கிள் பூவரசில் சாத்தினபடியே, காற்றிறங்கிக் கிடந்தது. “கொப்பா வந்து பாத்திட்டுப் போறார் மனே” என்றார் பெரியம்மா.

சத்தம் கேட்டது என் அனுபவம். அப்பா வந்தார் என்பது அதற்கு நாங்கள் கொடுத்த விளக்கம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதுதான் முதல் தவறு, மற்றதெல்லாம் இதிலிருந்தே கிளைக்கிறது. 1971இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் டூவி ரீஸ், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்தவரை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். சிலர் குரலும் கேட்டிருந்தார்கள். பலர் அதுவரை யாரிடமும் வாய் திறந்திருக்கவில்லை. முப்பது வருசம் அதே நேரத்துக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது, எட்டு நாளில் மறந்துவிடுமா? அப்பா வரவில்லை என்று இதனால் நிரூபணமாகாது. வந்தார் என்று சொல்ல அந்தச் சத்தம் மட்டும் போதாது, அவ்வளவுதான்.

அடுத்தது, அனுபவத்தின் வேகத்தையே அதன் உண்மைக்கு அளவுகோலாக எடுப்பது. கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்கும் குளிர்த்தியும் பார்த்து வளர்ந்தவன் நான். நீர்க்குடம் தூக்கவே கஷ்டப்படும் மாமி ஒருவர், உடுக்கும் பறையும் ஏற ஏற, பிடிக்கப்போன மூன்று ஆம்பிளைகளை உதறியதைக் கண்டிருக்கிறேன். அது நடிப்பே இல்லை. ஆனால் விரதத்தில் களைத்த உடம்பு, நித்திரையில்லாத இரவு, ஓயாத தாளம், சுற்றிநிற்கும் சனத்தின் எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்தால் மனித உடம்பு அப்படி நடந்துகொள்ளும். பெந்தெகொஸ்தே சபையில் அந்நிய பாஷை பேசுகிறவரும், இறைநாமத்தைத் திரும்பத் திரும்ப ஓதும் சூஃபி திக்ரில் தன்னை மறக்கிறவரும் இதே உறுதியோடுதான் எழும்புகிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் போதனையே மெய்ப்பட்டது என்கிறார்கள். அந்த உறுதியை மட்டும் வைத்து எதை ஏற்பது, எதை விடுவது?

நேற்று முளைத்த கேள்வியும் இல்லை இது. சங்க அகப்பாடல்களில், மகளின் மெலிவுக்கு முருகனே காரணம் என்று, முருகனின் பூசாரியான வேலன் வெறியாடிச் சொல்வான். காதல்தான் காரணம் என்பது தோழிக்குத் தெரியும்.

கிழக்கிலங்கையின் பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்க்கிறவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். கரித்தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். விரைந்து நடக்கும் பாதம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்ச நேரமே தணலில் படும். ஆகவே சுடாமல் கடந்தது பக்திக்குச் சான்றாகாது. இதைவிட முக்கியம், கால் சுட்டவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது. வேறொரு கோயிலில் கால் கொப்பளித்த ஒரு பெண்ணைப் பார்த்து, “துடக்கோட (தீட்டோட) இறங்கியிருப்பாள்” என்று சொன்னார்கள். அந்த வார்த்தையை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தப்பியவர்கள், “கும்பிட்டேன், காப்பாற்றினார்” என்று நெஞ்சாரச் சொல்கிறார்கள். இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அங்கே கும்பிட்டபடியே போனவர்கள் சாட்சி சொல்லத் திரும்பி வரவில்லை. தப்பியவர் நன்றி சொல்லட்டும். அதைக் கணக்காக்கி, போனவரின் தாயிடம் நீட்டக் கூடாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மூளையில் காரணம் கண்டோம், ஆகவே கடவுள் இல்லை என்று தாவுவதும் அவசரமே. கண் எப்படிப் பார்க்கிறது என்று விளக்கிவிட்டால் பார்த்த பொருள் பொய்யாகிவிடாதே. நம்பிக்கைக்கு நூல், மரபு, வாழ்ந்து காட்டிய மனிதர், தர்க்கம் என்று வேறு தூண்களும் இருக்கின்றன. எல்லாப் பாரத்தையும் ஓர் இரவு அனுபவத்தில் ஏற்றாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

1901, 1902இல் எடின்பரோவில் உரையாற்றிய அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இதில் ஒரு வரம்பு போட்டார். இத்தகைய அனுபவம் பெற்றவருக்கு அது அதிகாரமுள்ளதாக இருக்கலாம், மற்றவரை அது கட்டுப்படுத்தாது என்றார். இந்த வரம்பு மீறப்படும்போதுதான் குடும்பங்கள் உடைகின்றன. எங்கள் வீட்டிலும் நடந்தது. வளவைத் தங்கைக்கு எழுதச் சொல்லி அப்பா பெரியம்மாவின் கனவில் வந்தார். அதே மாதம் தம்பிக்கு எழுதச் சொல்லி மாமாவின் கனவிலும் வந்தார். இருவருமே பொய் சொல்லும் ஆட்கள் இல்லை. இருவரும் அழுதுகொண்டுதான் சொன்னார்கள். கடைசியில் அப்பாவின் பெட்டியைத் திறந்து, பழைய காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போனோம்.

சைக்கிளுக்கு மட்டும் நான் காற்றடித்து வைத்திருக்கிறேன்.